எச்.எஃப். காளைகள் எல்லாம் இரண்டே தகப்பன் வழிதானா?

கேள்வி: என்னிடம் நான்கு எச்.எஃப். கலப்பினப் பசுக்கள் இருக்கின்றன. உலகத்தில் உள்ள எச்.எஃப். காளைகள் எல்லாமே இரண்டு காளைகளின் வாரிசுகள்தான் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? அதனால் என் மாடுகளுக்குக் கெடுதல் உண்டா? சினை ஊசி போடும்போது நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

அவர் சொன்னது பெரும்பாலும் உண்மை. ஆனால் அதைப் புரிந்துகொள்ளும் விதத்தில் ஒரு சிறு திருத்தம் வேண்டும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சாட் டெக்கோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், வட அமெரிக்காவில் சினை ஊசிக்குப் பயன்படும் ஹோல்ஸ்டீன் (நாம் எச்.எஃப். என்பது இதைத்தான்) காளைகளின் தகப்பன் வழியைப் பின்னோக்கித் தேடிப் போனார்கள். காளை, அதன் அப்பன், அப்பனுக்கு அப்பன் என்று போய்க்கொண்டே இருந்தால், 99 விழுக்காட்டுக்கும் மேலான காளைகள் 1880களில் வாழ்ந்த இரண்டு காளைகளில் போய் நிற்கின்றன. ஒன்றின் பெயர் ஹல்மேன், மற்றது நெப்டியூன் எச். அந்த இரண்டு வழியும் பிழைத்து வந்தது 1960களில் பிறந்த இரண்டு புகழ்பெற்ற காளைகளால். ஒன்று நெப்ராஸ்காவில் 1962இல் பிறந்த பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப். இன்னொன்று வர்ஜீனியாவில் 1965இல் பிறந்த ரவுண்ட் ஓக் ராக் ஆப்பிள் எலிவேஷன். உலகம் முழுக்க அமெரிக்க, கனடா விந்து போய்ச் சேர்ந்திருப்பதால், நம் ஊர் எச்.எஃப். காளைகளின் பாட்டன் பூட்டன் பட்டியலிலும் இந்தப் பெயர்கள் வந்துவிடும்.

இப்போது திருத்தம். டெக்கோ பார்த்தது ஒய் குரோமோசோமை. அது அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவது. நம்மில் பலருக்குக் குலம், கோத்திரம் அப்பா வழியில் போகிறதே, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குலத்தில் பெண் எடுக்க மாட்டோம், பங்காளி முறை ஆகிவிடும் என்போம். ஆனால் மாமன் மகளைக் கட்டுவோம். அவள் வேறு குலம்தான், ஆனாலும் நெருங்கிய ரத்தம். மாடுகளிலும் இதே கதைதான். இரண்டு காளைகளின் ஒய் குரோமோசோம் வேறு வேறாக இருந்தாலும் தாய் வழியில் அவை நெருங்கிய சொந்தமாக இருக்கலாம். ஒரே ஒய் குரோமோசோம் இருந்தும் மற்றதில் ரொம்ப தூரமாக இருக்கலாம். ஆகவே "இரண்டே குலம்தான் மிச்சம்" என்பது சரி, "இரண்டே மூதாதைதான் மிச்சம்" என்பது சரியல்ல. ஆனால் இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிட வேண்டாம். ஒய் குரோமோசோமை விட்டுவிட்டு மொத்த மரபணுவையும் எடுத்துக் கணக்குப் போட்டாலும் நிலைமை கவலைக்குரியதுதான்.

எப்படி இந்த நிலை வந்தது என்று பார்த்தால்தான் உங்கள் கொட்டகைக்கு இதில் என்ன சம்பந்தம் என்று புரியும்.

ஊருக்கு ஒரு கோயில் காளையோ பொலிகாளையோ இருந்த காலத்தில், அது எவ்வளவு நல்ல காளையானாலும் சுற்றுவட்டாரத்து மாடுகளுக்கு மேல் போக முடியாது. செத்தால் அதன் வேலை முடிந்தது. பக்கத்து ஊரில் வேறு காளை, அதற்கு அடுத்த ஊரில் வேறு. அப்புறம் 1949இல் இங்கிலாந்தில், கிளிசரின் சேர்த்தால் விந்தணுக்களை உறைய வைத்து மறுபடி உயிர்ப்பிக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். இன்று ஒரு தடவை எடுக்கும் விந்தில், விந்து அடைத்த மெல்லிய பிளாஸ்டிக் குச்சிகள் சில நூறு தயாராகின்றன. கழித்தல் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனில் போட்டால் காளை செத்த பிறகும் கன்று பிறந்துகொண்டே இருக்கும். விஸ்கான்சின் மாநிலத்தில் 2001இல் பிறந்த டாய்ஸ்டோரி என்ற காளை 2014இல் சாவதற்குள், அதன் உறைவிந்துக் குச்சிகள் 24 லட்சத்துக்கு விற்றிருந்தன. ஒரே காளைக்கு!

இதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 1950இல் ஒரு பசு ஆண்டுக்குச் சராசரியாக 2,400 கிலோ பால் கொடுத்தது. இப்போது 10,900 கிலோவைத் தாண்டிவிட்டது. தீவனம், பராமரிப்பு எல்லாம் சேர்ந்துதான் இது நடந்தது என்றாலும், நல்ல காளைகளைத் தேர்ந்தெடுத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. அன்று இரண்டு கோடிக்கும் மேல் இருந்த கறவைகள் இன்று ஒரு கோடிக்கும் குறைவு, மொத்தப் பாலோ ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கிறது. இதற்குக் கொடுத்த விலையைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

ஒரு கணக்கு. ஒரு வட்டாரத்தில் 1,000 பசுக்கள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் ஒரே காளையின் விந்து. பார்த்தால் 1,001 தலை உள்ள கூட்டம். ஆனால் மரபியலில் "உண்மையில் இது எத்தனை தலைக்குச் சமம்" என்று கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 4 பெருக்கல் 1 பெருக்கல் 1,000, வகுத்தல் 1,001. விடை ஏறக்குறைய 4. ஆயிரம் பசுக்கள் நின்றாலும் அடுத்த தலைமுறைக்கு அது நான்கு தலை உள்ள கூட்டம்தான்! அதே இடத்தில் 10 காளைகளைப் பயன்படுத்தினால் விடை 40 ஆகிவிடும். பசுக்களை இன்னும் ஆயிரம் கூட்டினாலும் பெரிதாக எதுவும் மாறாது. காளையைக் கூட்டினால்தான் மாறும். இந்த எண்ணிக்கை 50க்குக் கீழே போகக் கூடாது என்பது உலக உணவு வேளாண்மை நிறுவனம் சொல்லும் அளவு. அமெரிக்காவில் 90 லட்சத்துக்கும் மேல் கறவை மாடுகள், அதில் பெரும்பகுதி ஹோல்ஸ்டீன். அந்தக் கடல் போன்ற கூட்டத்துக்கே இந்தக் கணக்கில் 50க்கும் குறைவு என்று சொன்ன ஆய்வு உண்டு. மரபு வளம் வற்றுவது எப்போதுமே காளைப் பக்கத்திலிருந்துதான்.

சரி, வற்றினால் என்ன? இங்கே சீஃபின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சீஃபுக்கு 16,000 மகள்கள், 5 லட்சம் பேத்திகள், 20 லட்சத்துக்கும் மேல் கொள்ளுப்பேத்திகள். இன்றைய ஹோல்ஸ்டீன் இனத்தின் மரபணுத் தொகுப்பில் ஏறக்குறைய 14 விழுக்காடு அந்த ஒரு காளையிடமிருந்து வந்தது. அதன் மகள்கள் கறந்த பாலைப் பார்த்து எல்லோரும் அதையே கேட்டார்கள். ஆனால் அதன் ஐந்தாவது குரோமோசோமில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது யாருக்கும் தெரியாது. வேண்டாத உயிரணுக்கள் தாமாகவே சாவதை ஒழுங்குபடுத்தும் அபாஃப்1 என்ற மரபணுவில் அந்தப் பிழை. ஒரு பிரதி கெட்டு, இன்னொரு பிரதி நன்றாக இருந்தால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. சீஃப் கொழுகொழுவென்றுதான் இருந்தது. அப்பன் வழியிலும் அம்மா வழியிலும் கெட்ட பிரதியே வந்து சேர்ந்தால், கரு வயிற்றிலேயே அழிந்துவிடும்.

சீஃபின் வாரிசுகள் பெருகப் பெருக, வாரிசும் வாரிசும் சேர்வது தவிர்க்க முடியாததாயிற்று. இதன் கொடுமை என்னவென்றால் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. ஊனமான கன்று பிறந்தால் ஊரே பேசும். இங்கே சினை என்று நினைத்திருந்த மாடு சில மாதம் கழித்து மறுபடி பருவத்துக்கு வரும், அவ்வளவுதான். விவசாயி "இந்தத் தடவை தங்கலை" என்று அடுத்த ஊசி போட்டிருப்பார். ஒரு பிழையால் 35 ஆண்டுகளில் உலகம் முழுவதும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருக்கள் கலைந்தன, 42 கோடி டாலர் இழப்பு என்று பின்னால் கணக்கிட்டார்கள். அதே ஆய்வு, சீஃபால் கூடிய பாலின் மதிப்பு 3,000 கோடி டாலர் என்றும் சொல்கிறது. லாபக் கணக்கில் சீஃப் ஜெயித்துவிட்டது, உண்மைதான். ஆனால் அந்த லாபம் தொழில் முழுவதற்கும் பரவிய லாபம். கரு கலைந்த நஷ்டமோ எந்த வீட்டு மாட்டுக்குக் கலைந்ததோ அந்த வீட்டுக்கு. ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைத்து முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதைக் கண்டுபிடித்த முறை எனக்கு இன்றும் வியப்பு. அமெரிக்க வேளாண் துறையில் வான்ராடன் குழுவினர், ஆயிரக்கணக்கான மாடுகளின் மரபணுப் பதிவுகளை வைத்துக்கொண்டு, இருப்பதை விட்டு இல்லாததைத் தேடினார்கள். மரபணுவின் ஒரு பகுதி ஒரு வடிவத்தில் இத்தனை மாடுகளில் ஒற்றைப் பிரதியாக இருந்தால், இரண்டு பிரதியும் அதே வடிவமாக உள்ள மாடுகள் இத்தனையாவது இருந்தாக வேண்டும். ஆனால் ஒன்றுகூட இல்லை. பிறக்கவே இல்லை என்றால், வயிற்றிலேயே செத்துவிட்டது என்று அர்த்தம். 2011இல் இப்படித்தான் சீஃபின் பிழை உட்பட ஹோல்ஸ்டீனில் மூன்று இடங்களைப் பிடித்தார்கள். ஜெர்சி இனத்தில் ஒன்று, பிரவுன் சுவிஸ் இனத்தில் ஒன்று.

சீஃப் மட்டும் இல்லை. 1952இல் பிறந்த ஆஸ்பார்ன்டேல் ஐவன்ஹோ என்ற காளையும், அதன் பேரன் பெல்லும் பிளாட் என்ற நோயைப் பரப்பின. அந்தக் கன்றுகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏராளமாக இருக்கும், ஆனால் ரத்தக் குழாயை விட்டு வெளியேறிப் புண் இருக்கும் இடத்துக்குப் போக முடியாது. ஈறு புண்ணாகும், கழிச்சல் நிற்காது, பெரும்பாலும் ஒரு வயதுக்குள் செத்துவிடும். 1992இல் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தபோது, பரிசோதித்த அமெரிக்கக் காளைகளில் ஏழில் ஒன்று அந்தப் பிழையைச் சுமந்துகொண்டிருந்தது. சோதனை வந்தபின் சில ஆண்டுகளில் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். நம் நாட்டிலும் உறைவிந்து நிலையங்களில் எச்.எஃப். காளைகளையும் அவற்றின் கலப்பினக் காளைகளையும் பிளாட், சிட்ருல்லினீமியா, டம்ப்ஸ், ரத்தம் உறையத் தேவையான 11ஆம் காரணியின் குறைபாடு ஆகிய நான்கு மரபு நோய்களுக்கும் சோதித்த பிறகே சேர்க்க வேண்டும் என்பது விதி. ஆகவே முறையான நிலையத்துக் குச்சி என்றால் அந்த நான்கைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். தெரியாத பிழைக்குத்தான் சோதனை கிடையாது. அதற்கு ஒரே காப்பு, நெருங்கிய ரத்தம் சேராமல் பார்த்துக்கொள்வது.

2009க்குப் பிறகு வேகம் இன்னும் கூடிவிட்டது. அந்த ஆண்டு அமெரிக்காவில் மரபணுச் சில்லு வழியாகக் காளைகளை மதிப்பிடுவது அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. முன்பெல்லாம் காளை வளர்ந்து, மகள்கள் பிறந்து, அவை கறந்து காட்டிய பிறகுதான் காளை தேறியதா என்று தெரியும், ஆறேழு ஆண்டுகள் ஆகும். இப்போது கன்றின் ரோமத்தை எடுத்தே சொல்லிவிடுகிறார்கள். காளைகளில் தலைமுறை இடைவெளி மூன்று ஆண்டுக்கும் கீழே வந்துவிட்டது. முன்னேற்றம் வேகமாகிறது, சொந்தத்துக்குள் சேர்வதும் அதே வேகத்தில் கூடுகிறது. 1960ஐச் சுழியமாக வைத்தால், அமெரிக்க ஹோல்ஸ்டீனில் உட்கலப்பு அளவு சராசரியாக 8 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. மாமன் மகளைக் கட்டிப் பிறக்கும் குழந்தைக்கு அது 6.25 விழுக்காடு என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விழுக்காடு கூடும்போதும் ஓர் ஈற்றில் சில பத்து கிலோ பால் குறைகிறது, சினை பிடிப்பது தள்ளிப் போகிறது, மாடு கொட்டகையில் நிலைக்கும் காலம் குறைகிறது. நம் நாட்டிலும் 2024 அக்டோபரில் மாடுகளுக்கு கௌ சிப் என்ற மரபணுச் சில்லு வந்துவிட்டது. நல்ல கருவிதான். பிடித்த காளையை இன்னும் சீக்கிரம் பிடிக்க மட்டும் அதைப் பயன்படுத்தினால் அமெரிக்கா போன வழியிலேயே போவோம். எந்தக் காளை எந்தக் காளைக்குச் சொந்தம் என்று பார்க்கவும் அதே சில்லு உதவும், அதற்கும் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை.

அமெரிக்காவில் திரும்பிப் பார்க்கவும் முயன்றார்கள். கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் அரசின் விந்துக் கருவூலம் ஒன்று இருக்கிறது. டெக்கோ குழுவினர் அங்கே தேடி, வெளியில் அற்றுப்போன தகப்பன் வழியைச் சேர்ந்த இரண்டு காளைகளின் விந்தைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கத்பர்ட், இன்னொன்று சிம்மர்மேன் ஆல்ஸ்டார் பைலட். பல பத்தாண்டுகள் உறைந்து கிடந்த அந்த விந்தை இன்றைய உயர்தரக் கிடேரிகளின் முட்டையோடு சேர்த்துக் கரு உண்டாக்கி, 2017இல் காளைக்கன்றுகள் பிறந்தன. தாய் இன்றைய மாடு என்பதால் பாலில் ஒரேயடியாகப் பின்தங்கவும் வேண்டியதில்லை. "பழைய காளைதானே, எதற்கு இடத்தை அடைக்கிறது" என்று யாராவது அந்தக் குச்சிகளைத் தூக்கி எறிந்திருந்தால் அந்த இரண்டு வழியும் போனது போனதுதான்.

இனி உங்கள் கொட்டகைக்கு வருவோம். உங்களுடையவை கலப்பினம் என்பது ஒரு பெரிய பாதுகாப்பு. நாட்டு மாட்டு ரத்தமும் சீமை ரத்தமும் சேரும்போது ஒரு பக்கத்துப் பிழையை மறு பக்கம் மூடிவிடும். ஆனால் பால் கூட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக எச்.எஃப். ஊசியே போட்டுக்கொண்டு போனால் நாட்டு ரத்தம் பாதியிலிருந்து கால், காலிலிருந்து அரைக்கால் என்று தேய்ந்து, மேலே சொன்ன எல்லாத் தொந்தரவுக்கும் கதவு திறந்துவிடும். வெயில் தாங்காமல் மூச்சிரைப்பது அதற்கும் முன்னாலேயே வந்துவிடும். தமிழ்நாட்டில் மலைப் பகுதிக்கு எச்.எஃப்., சமவெளிக்கு ஜெர்சி என்று கொள்கை வகுத்ததற்கு அந்த வெயில்தான் காரணம்.

ஆனால் நம் ஊரில் உடனடி ஆபத்து சீஃபும் ஐவன்ஹோவும் இல்லை. அப்பன் காளையே மகளுக்கும் வந்துவிடுவதுதான்.

நான் கால்நடை மருத்துவராக வேலை பார்த்த காலத்தில், போளூர் பக்கம் ஒரு வீட்டில் ஒரு கிடேரிக் கன்றைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஐந்து மாதம், பார்க்க மூன்று மாதக் கன்று போல இருந்தது. ரோமம் பரட்டையாக, வயிறு மட்டும் தொங்கிக்கொண்டு. குடற்புழு மருந்து இரண்டு தடவை கொடுத்தாயிற்று. எந்தக் காளை ஊசி போட்டது என்று கேட்டேன். அந்த அம்மா தினசரி காலண்டர் தாள்களைக் கொண்டுவந்தார். ஊசி போட்ட தேதி எல்லாம் இருந்தது, காளை எண் இல்லை. "நம்பரெல்லாம் யாரும் சொல்றதில்லீங்க சார்" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தக் குச்சி இருக்குது" என்று கொட்டகைக்குள் போனார். கூரைக் கீற்றில் வரிசையாகச் செருகியிருந்தார், சோளத் தட்டில் விழுந்து மாடு தின்றுவிடக் கூடாது என்பதற்காக. மெல்லிய பிளாஸ்டிக், தீக்குச்சியைவிட ஒல்லி. புகையும் தூசியும் படிந்திருந்ததை வேட்டி நுனியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு நுனியில் பொடி எழுத்தில் நிலையக் குறியீடு, காளை எண், தயாரித்த தேதி. இந்தக் கன்றின் பாட்டி மாட்டுக்குப் போட்ட குச்சியிலும், இரண்டரை ஆண்டு கழித்து அதன் கிடேரிக்கு, அதாவது இந்தக் கன்றின் தாய்க்குப் போட்ட குச்சியிலும் ஒரே காளை எண்.

அப்பனும் மகளும் சேர்ந்தால் கன்றின் உட்கலப்பு 25 விழுக்காடு. அக்கா மகளைக் கட்டிப் பிறக்கும் குழந்தைக்கு இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அந்தக் கன்று வளராததற்கு அதுதான் காரணம் என்று ஒரே கன்றை வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது தவிர்த்திருக்கக்கூடிய ஒன்று. ஊசி போட்டவரையும் குறை சொல்லவில்லை. அவர் கேனில் அந்த மாதம் இருந்தது அந்தக் குச்சிதான், இந்தக் கிடேரியின் அப்பன் எது என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஊசி போட வருகிறவர் குச்சியை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைப்பார். அந்த நேரத்தில் காளை எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அல்லது வேலை முடிந்ததும் குச்சியை வாங்கிச் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். மாட்டின் காது வில்லையில் உள்ள 12 இலக்க எண்ணில் ஊசி விவரத்தைப் பதிவு செய்யச் சொல்லியும் கேளுங்கள், அதற்கென்று அரசின் கணினிப் பதிவு முறை இருக்கிறது. கன்று பிறந்ததும் அப்பன் எண் அதன் பெயருக்கு நேரே வந்துவிட வேண்டும். அந்தக் கிடேரி பருவத்துக்கு வரும்போது, அப்பன் எண் வேண்டாம், முடிந்தால் வேறு நிலையத்துக் காளை வேண்டும் என்று சொல்லுங்கள். எண் வேறாக இருந்தாலும் ஒரே நிலையத்தில் அண்ணன் தம்பிக் காளைகள் இருக்கக்கூடும் என்பதால்தான் வேறு நிலையம் என்கிறேன்.

ஏற்கெனவே இருக்கும் நான்கில் அப்பன் தெரியாத மாடுகளுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. எச்.எஃப். சாயல் தூக்கலாக இருந்தால் அடுத்த ஊசிக்கு ஜெர்சிக் கலப்பினக் காளையைக் கேளுங்கள். வேறு இனம் என்பதால் நெருங்கிய ரத்தம் சேர வாய்ப்பே குறைவு, கன்றும் கொஞ்சம் சிறிதாகப் பிறப்பதால் ஈனுவது எளிது. கலிஃபோர்னியாவின் பெரிய பண்ணைகள் சிலவற்றிலேயே ஹோல்ஸ்டீனோடு பிரான்சின் மான்ட்பெலியார்டையும் வட ஐரோப்பாவின் சிவப்பு இனத்தையும் மாற்றி மாற்றிச் சேர்க்கிறார்கள். பால் ஒரு துளி குறைந்தாலும் சினை பிடிப்பதிலும் ஆயுளிலும் அது திரும்பி வந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டது.

கடைசியாக ஒன்று. மாடு திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தால் உடனே காளையின் மேல் பழி போட்டுவிடாதீர்கள். நம் ஊரில் பத்தில் எட்டு மாடுகளுக்குக் காரணம் தாது உப்புக் குறைவு, பருவம் பார்த்து ஊசி போடுவதில் நேரம் தவறுவது, கருப்பைச் சளி இவைதான் என்பது என் அனுபவம். காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி என்ற கணக்கு சரியாக இருந்து, தாது உப்பும் கொடுத்து, மூன்று ஊசிக்கும் தங்கவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிட்டுக் கருப்பையைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது அந்தக் காளை எண் எழுதிய நோட்டையும் எடுத்துக் காட்டுங்கள்.